பின்வளவில் பிளாக்பெரி வளர்ப்போருக்கு: குளிர்காலம் பற்றி ஒரு திறந்த மடல்

ஒன்ராறியோவிலும் பேரேரிகளைச் சுற்றியுள்ள ஏனைய குளிர்ப் பகுதிகளிலும் வீட்டுத் தோட்டம் செய்யும் அன்பர்களுக்கு,

பிளாக்பெரிச் செடியின் வேரும் தூரும் பல ஆண்டுகள் வாழும். தண்டுகளின் ஆயுள் இரண்டே ஆண்டு. வசந்தத்தில் தூரிலிருந்து புறப்படும் தண்டு முதலாம் ஆண்டு இலைவிட்டு நீள்வதோடு சரி. ஒரு குளிர்காலத்தைக் கடந்த பிறகே அதன் கணுக்களிலிருந்து குறுங்கிளைகள் புறப்பட்டுப் பூத்துக் காய்க்கும். பழம் பறித்து முடிந்ததும் அந்தத் தண்டு தானாகக் காய்ந்துவிடும். அதற்குள் அடுத்த ஆண்டு காய்க்கப்போகும் புதுத் தண்டுகள் பக்கத்திலேயே ஆளுயரம் வளர்ந்து நிற்கும்.

குளிர்நாடுகளில் இந்தச் செடி ஏமாற்றும் விதம் இதிலிருந்தே விளங்கும். தூர் மண்ணோடு ஒட்டிக் கிடப்பதால், அதன்மேல் விழும் வெண்பனி அதற்குப் போதிய காப்பாகிவிடுகிறது. மிகக் கடுமையான குளிர்காலம் போன பிறகும் புதுத் தண்டுகள் தழைத்து வரக் காரணம் அதுதான். வெட்டவெளியில் நின்ற பழைய தண்டுகள் மட்டும் செத்திருக்கும். பார்வைக்குச் செடி செழிப்பாக இருக்கும், பழம் இருக்காது. ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ ஒட்டாவாவிலோ ஆண்டுக்கணக்கில் பச்சையாக நின்றும் ஒரு கைப்பிடி பழம் தராத செடியைப் பற்றிப் பேச்சு வந்தால், பசளை போதவில்லை, தேனீ வரவில்லை, கன்று விற்றவர்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்று பல காரணங்கள் அடுக்கப்படும். பெரும்பாலும் நடந்தது வேறு. தண்டு ஜனவரியிலேயே செத்துவிட்டது. அதை ஏப்ரலில் வெட்டி எறிந்துவிட்டு, புதுத் தண்டு முளைப்பதைக் கண்டு செடி பிழைத்துவிட்டது என்று மகிழ்வார்கள். அடுத்த ஜனவரியில் அந்தத் தண்டும் சாகும்.

ஆகவே பிளாக்பெரியைக் குளிரிலிருந்து காப்பது என்றால், ஓராண்டு வயதுத் தண்டுகளை அவற்றின் மொட்டுகளோடு வசந்தம் வரை உயிரோடு கொண்டுபோய்ச் சேர்ப்பது என்றே பொருள். ராஸ்பெரிக்கும் இதே இரண்டாண்டு வாழ்க்கைதான். ஆனால் ராஸ்பெரித் தண்டுகளில் பல மைனஸ் 30 பாகை செல்சியஸையும் மூடாமலே தாங்கிவிடும். அதே வேலியோரம் அதே கவனிப்பில் பிளாக்பெரியும் வந்துவிடும் என்று எதிர்பார்ப்பதில்தான் பலருடைய கணக்கு தவறுகிறது.

தண்டின் தாங்குதிறன் ஆண்டு முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் தண்டு குளிருக்குப் புதிதாகப் பழகுகிறது. பகல் குறுகத் தொடங்கும்போது வளர்ச்சி அடங்குகிறது. ஒக்டோபரின் குளிர் இரவுகளில் திசுக்களில் சர்க்கரை சேர்கிறது, நீர் குறைகிறது. பிறகு வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே இறங்கும்போது, பனிக்கட்டி முதலில் உயிரணுக்களுக்கு வெளியே உள்ள இடைவெளிகளில் உருவாகி, உள்ளிருக்கும் நீரைச் சிறுகச் சிறுக வெளியே இழுக்கிறது. உள்ளே எஞ்சும் சாறு அடர்ந்துபோவதால் அது உறையாமல் நிற்கிறது. பனிக்கட்டி உயிரணுவுக்குள்ளேயே உருவாகிவிட்டால் அந்த உயிரணு பிழைக்காது. நீர் அளவு மீறி வெளியேறினாலும் அதே முடிவுதான். இந்தப் பழக்கம் முழுமையாவதற்கு முன்பே, நவம்பர் நடுவில், திடீரென மைனஸ் 12, 13 என்று ஓரிரவு விழுந்தால், பெப்ரவரியில் மைனஸ் 20ஐத் தாங்கியிருக்கக்கூடிய தண்டும் சாகும்.

ஆனால் பிளாக்பெரியின் உண்மையான பலவீனம் நடுக் குளிர்காலத்தில் இருக்கிறது. மொட்டுகளின் உறக்கம் கலைய ஒரு குறிப்பிட்ட அளவு குளிர்நேரம் தேவை. பூச்சியத்துக்கும் 7 பாகைக்கும் இடையிலான மணி நேரங்களைக் கூட்டி அதைக் கணக்கிடுவது வழக்கம். ஆப்பிளின் பல இரகங்களுக்கு இது ஆயிரம் மணி நேரத்தை ஒட்டி இருக்கும். பிளாக்பெரியில் அரபாஹோ போன்ற இரகத்துக்கு 400 முதல் 500 மணி நேரமே போதும். நவஹோவுக்கு 800 முதல் 900 வரை. தேவை குறைந்த இரகங்களுக்குக் குளிர்காலம் பாதி போவதற்கு முன்பே இந்தக் கணக்கு நிறைந்துவிடுகிறது. அதன் பிறகு மொட்டை அடக்கி வைத்திருப்பது வெளிக்குளிர் மட்டுமே. ஜனவரியில் ஒரு வாரம் இளஞ்சூடு வந்தால், மொட்டு தன் கடினத்தைத் தளர்த்தத் தொடங்கும். மறுபடி குளிர் திரும்பும்போது பழைய பலம் முழுதாகத் திரும்புவதில்லை.

2023ஆம் ஆண்டு அமெரிக்காவின் வடகிழக்கில் நடந்தது இதற்கு நல்ல சான்று. அந்த ஜனவரி வழக்கத்துக்கு மாறாக மிதமாக இருந்தது. பெப்ரவரி 4 அதிகாலையில் பொஸ்டனில் வெப்பநிலை மைனஸ் 23 பாகைக்கு விழுந்தது. மசசூசெட்ஸ், கனெக்டிகட் பண்ணைகளில் பீச் மொட்டுகள் கருகி, அந்த ஆண்டு விளைச்சலில் பெரும்பகுதி போய்விட்டது. பீச் மரத்துக்கு நேர்ந்தது மூடாமல் நிற்கும் பிளாக்பெரிக்கும் நேரக்கூடியதுதான்.

மூன்றாவது எதிரி காற்று. உறைந்த மண்ணிலிருந்து வேரால் நீர் எடுக்க முடியாது. வெயிலும் வறண்ட காற்றுமோ தண்டிலிருந்து நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மார்ச்சில் பகல் வெளிச்சம் கூடியும் மண் உறைந்தே கிடக்கும் நாட்களில் இது மோசம். வெப்பமானி ஒரு தடவைகூட மைனஸ் 18ஐத் தொடாத குளிர்காலத்திலும், திறந்த வெளியில் காற்றை வாங்கிக்கொண்டு நின்ற தண்டுகள் நுனியிலிருந்து கீழ்நோக்கிச் சருகாவது இதனால்தான். குளிரால் செத்தது என்று சொல்லப்படும் தண்டுகளில் கணிசமானவை உண்மையில் காய்ந்து செத்தவை. மூடிப் பாதுகாப்பதன் பயனில் பாதி, தண்டைக் காற்றிலிருந்து மறைத்து ஈரத்தோடு வைத்திருப்பதில் இருக்கிறது.

கன்றின் சீட்டில் எழுதியிருக்கும் வலய எண் இவ்வளவையும் சொல்லிவிடாது. அந்த எண் பெரும்பாலும் அமெரிக்க வேளாண்மைத் துறையின் வரைபடத்தைச் சேர்ந்தது. 2023இல் திருத்தி வெளியிடப்பட்ட அந்த வரைபடம், 1991 முதல் 2020 வரையான முப்பது ஆண்டுகளில் ஒவ்வோர் ஆண்டும் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையின் சராசரியை மட்டும் கொண்டு வரையப்பட்டது. வலயம் 5 என்றால் அந்தச் சராசரி மைனஸ் 28.9 முதல் மைனஸ் 23.3 வரை; வலயம் 6 என்றால் மைனஸ் 23.3 முதல் மைனஸ் 17.8 வரை. சராசரி என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். ஏறக்குறைய பாதிக் குளிர்காலங்கள் அதைவிடக் கீழே போகும். இலினோயின் வடமேற்கிலுள்ள மவுண்ட் கரோலில் 2019 ஜனவரி 31 அன்று மைனஸ் 39 பாகை பதிவாகி, அந்த மாநிலத்தின் வரலாற்றிலேயே மிகக் குறைந்த வெப்பநிலை ஆனது. அப்படி ஓர் இரவில் வெளியில் நிற்கும் பிளாக்பெரித் தண்டு எந்த இரகமானாலும் பிழைக்காது.

கனடாவின் வரைபடம் 1967இல் வேறொரு முறையில் உருவானது. குளிர்மாத வெப்பநிலையோடு உறைபனியற்ற நாட்கள், மழை, வெண்பனியின் ஆழம், காற்றின் வேகம் என்று பலவற்றையும் சேர்த்து அது கணிக்கப்படுகிறது. பிளாக்பெரி விடயத்தில் இந்த முறைதான் உண்மைக்கு நெருக்கமானது. ஒரே எண் இரண்டு வரைபடங்களிலும் ஒரே பொருளைத் தராது என்பதால், சீட்டில் இருப்பது எந்த நாட்டு எண் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

மூடுவதற்கு முன் இரகம். தவறான இரகத்தை வாங்கிவிட்டுப் பிறகு எத்தனை சாக்கைச் சுற்றினாலும் பயன் குறைவு. பிளாக்பெரியில் மூன்று வகை உண்டு. முதலாவது, தரையில் படர்பவை. ஓரிகனில் 1956இல் வெளியான மரியன், கலிபோர்னியாவில் தோன்றிய லோகன், பொய்சன் ஆகியவை இந்த வகை. சுவையில் இவற்றை வெல்வது கடினம். ஆனால் மைனஸ் 12 பாகையை ஒட்டியே சேதம் தொடங்கிவிடும். பசிபிக் கரையின் மிதமான குளிருக்குப் பிறந்தவை அவை. இரண்டாவது, பாதி நிமிர்ந்து பிறகு வளைந்து வழியும் முள்ளில்லா வகை. 1985இல் வெளியான செஸ்டர் முள்ளில்லாதவற்றுள் குளிருக்கு மிகவும் தாங்கும் என்று பெயர் பெற்றது. மைனஸ் 20ஐ ஒட்டி அது ஆட்டம் காணும். 1996இல் வந்த டிரிபிள் கிரவுண் பழம் பெரியது, இனிமையானது, தாங்குதிறன் செஸ்டரைவிடக் குறைந்தது. மூன்றாவது, நிமிர்ந்து நிற்பவை. ஆர்கன்சா பல்கலைக்கழகம் வெளியிட்ட நவஹோ, வசிட்டா முதலியவை பெயர் பெற்றவை என்றாலும் தென்மாநிலங்களின் வெப்பத்துக்கே பொருந்துபவை. நியூயோர்க்கில் உருவான டரோவும் இலினோய் பல்கலைக்கழகத்தின் இல்லினி ஹார்டியும்தான் உண்மையில் வடக்குக்கு உரியவை. இரண்டிலும் முள் உண்டு. முள்ளைச் சகிக்கத் தயாரானவர்களுக்கு மூடாமலே பழம் கிடைக்கும் வாய்ப்பு இவற்றில்தான் அதிகம். தெற்கு ஒன்ராறியோவின் காட்டோரங்களில் தானாக வளரும் அலிகேனி பிளாக்பெரி நிமிர்ந்த முள் வகையைச் சேர்ந்தது என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

ரொறொன்ரோவிலும் ஏரியை ஒட்டிய நயாகராப் பகுதியிலும் செஸ்டர் பல ஆண்டுகளில் தானாகவே தப்பும். சில ஆண்டுகளில் தப்பாது. ஒட்டாவாவில் அதை மூடாமல் வளர்ப்பது, பழத்துக்காக அல்ல, வேலிப் பச்சைக்காக வளர்ப்பதே ஆகும்.

இடத் தேர்வு பற்றி நீட்டிப் பேச அதிகம் இல்லை. குளிர்காற்று வழிந்து தேங்கும் பள்ளமும் நீர் நிற்கும் களிமண்ணும் கூடாது. மேற்கு, வடமேற்குக் காற்றை வேலியோ மரவரிசையோ தடுத்தால் நல்லது. பலர் விரும்பித் தேர்ந்தெடுக்கும் தெற்கு நோக்கிய செங்கல் சுவரின் அடி மட்டும் ஒரு பொறி. கோடையில் அது பழத்தை விரைவில் கனிய வைக்கும். பெப்ரவரி வெயிலிலோ சுவர் சூடேறி, மொட்டை நேரத்துக்கு முன்பே எழுப்பிவிடும்.

குளிர்காப்பு வேலை தொடங்குவது கோடையில். நைதரசன் மிகுந்த பசளையை ஜூலைக்குப் பிறகு இடக்கூடாது. கோழி எருவும் இதில் அடங்கும். தாமதமாக இட்ட பசளையால் ஒக்டோபரிலும் நீண்டுகொண்டிருக்கும் தண்டு குளிருக்குப் பழக நேரமில்லாமல் போகும். பழம் பறித்து முடிந்ததும் காய்த்த தண்டுகளைத் தூரோடு வெட்டி அகற்றிவிடலாம். அவற்றால் இனிப் பயனில்லை, நோய்தான் தங்கும். புதுத் தண்டின் பக்கக்கிளைகளை இலையுதிர்காலத்தில் கவாத்துச் செய்வது மட்டும் வேண்டாம். எது பிழைக்கும், எது பிழைக்காது என்று தெரியாத நேரத்தில் வெட்டுவது, கையிருப்பைக் குறைத்துக்கொள்வது. மழை குறைந்த இலையுதிர்காலமானால் மண் உறையும் வரை அவ்வப்போது நீர் விட வேண்டும்.

இனி மூடும் வேலை. நவம்பரில் குடியிருப்புத் தெருக்களில் நடந்தால், நிமிர்ந்து நிற்கும் செடிகளைச் சாக்கால் சுற்றிக் கயிற்றால் கட்டி வைத்திருப்பதைக் காணலாம். குழந்தைக்கு ஸ்வெட்டர் போடுவதுபோல் செடிக்கும் போட்டால் குளிராது என்ற நினைப்பு அது. குழந்தையின் உடம்பில் சூடு உண்டு. ஸ்வெட்டர் அதை வெளியேற விடாமல் தடுக்கிறது. தண்டுக்குச் சொந்தச் சூடு கிடையாது. இரவு மைனஸ் 25 பாகை என்றால், சாக்குக்குள் இருக்கும் தண்டும் சில மணி நேரத்தில் ஏறக்குறைய அதே அளவுக்கு வந்துவிடும். சாக்கு காற்றைத் தடுக்கும், வெயிலை மறைக்கும். அந்த அளவில் அது நல்லதே. குளிரின் ஆழத்தை அது குறைப்பதில்லை.

குளிர்காலத்தில் தோட்டத்தில் சூடு உள்ள இடம் ஒன்றே ஒன்று: மண். கோடையில் வாங்கிய வெப்பத்தை அது மெல்ல மெல்ல வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது. அந்த வெப்பம் காற்றோடு போய்விடாமல் ஒரு போர்வையால் தடுத்து, அந்தப் போர்வைக்கும் மண்ணுக்கும் இடையில் தண்டைக் கிடத்தினால்தான் உண்மையான காப்பு. ஓரடி வெண்பனிக்கு அடியில், வெளியே மைனஸ் 25 பாகை இருக்கும்போதும், தரைமட்டம் உறைநிலைக்குச் சில பாகைகள் கீழேதான் இருக்கும். கடுங்குளிர் ஆண்டுகளுக்குப் பிறகு தண்டின் அடிக் கணுக்கள் மட்டும் பச்சையாகவும் மேலே எல்லாம் கருகியும் இருப்பதும் இதனால்தான். பனி நின்ற உயரத்தைத் தண்டே குறித்து வைத்திருக்கும்.

இந்த அறிவு புதிதும் அல்ல, தொலைவில் உள்ளதும் அல்ல. ஒன்ராறியோ ஏரியின் வடகரையில் பிரின்ஸ் எட்வேர்ட் கவுண்டியின் திராட்சைத் தோட்டங்களில், ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் கொடிகளைத் தாழ இறக்கிக் கட்டி மண்ணால் புதைத்து, வசந்தத்தில் மறுபடி தோண்டி எடுக்கிறார்கள். கியூபெக்கில் அதே காரியத்துக்கு மண்ணுக்குப் பதில் தடித்த துணியை விரிப்பவர்கள் உண்டு. ரஷ்யாவின் வீட்டுத் தோட்டக்காரர்கள் பிளாக்பெரியையே இப்படித் தரையில் சாய்த்துத் துணியால் மூடுகிறார்கள்.

தடை ஒன்று இருக்கிறது. முற்றிய பிளாக்பெரித் தண்டை நவம்பரில் வளைக்கப் போனால் அடியில் முறியும். அதனால்தான் வேலை கோடையிலேயே தொடங்க வேண்டும் என்பது. புதுத் தண்டு முழங்கால் உயரம் வந்ததும், இன்னும் இளசாக இருக்கும்போதே, அதை மெல்லச் சாய்த்து, தரையிலிருந்து ஒன்றரை அடிக்குள் கட்டிய கம்பியோடு கிடைமட்டமாக ஓட்ட வேண்டும். ஒரே நாளில் முழுதாக வளைக்காமல், வாரத்துக்குச் சிறிது என்று வளைத்தால் முறிவு குறையும். செடிக்கு மூன்று அல்லது நான்கு தண்டு போதும். பக்கக்கிளைகள் மேல்நோக்கி எழுந்து பந்தலை நிரப்பும். அடியில் வளைவு ஏற்கனவே இருப்பதால், குளிர்காலத்துக்கு முன் முழுவதையும் தரையில் கிடத்துவது எளிதாகிவிடும். படரும் வகைக்கும் பாதி நிமிரும் வகைக்கும் இது நன்றாகப் பொருந்தும்.

இதையே இயந்திர ஒழுங்கோடு செய்வதுதான் சுழல்கைப் பந்தல். மேற்கு வர்ஜீனியாவின் கேர்னீஸ்வில்லில் உள்ள அமெரிக்க வேளாண்மைத் துறையின் பழ ஆராய்ச்சி நிலையத்தில் புமியோமி டகேடா இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து பரப்பினார். கம்பத்தின் அடியில் ஓர் அச்சு. அதில் சுழலும் நீண்ட கை. அந்தக் கையின் கம்பிகளில் பக்கக்கிளைகள் கட்டப்பட்டிருக்கும். இலையுதிர்காலத்தின் முடிவில் கையை மறுபக்கம் சாய்த்தால் செடி முழுவதும் தரையை ஒட்டிப் படுத்துவிடும். மேலே துணி விரித்தால் வேலை முடிந்தது. வசந்தத்தில் துணியை எடுத்த பிறகும் பூக்கும் வரை அப்படியே படுக்க விடுகிறார்கள். பூங்கிளைகள் எல்லாம் வெளிச்சத்தை நோக்கி மேலெழும். பிறகு கையை நிமிர்த்தினால் பழம் முழுவதும் பந்தலின் ஒரே பக்கத்தில் தொங்கும். குளிருக்காகப் பிறந்த ஏற்பாடு பறிப்பதையும் சுலபமாக்கிவிட்டது. இரண்டு, மூன்று செடி வைத்திருப்பவர்களுக்கு இது அவசியமில்லை. தாழ்ந்த கம்பியும் கட்டுக்கயிறும் போதும்.

நிமிர்ந்து நிற்கும் வகை இவ்வளவு வளைந்து கொடுக்காது. அதைக் கோடையில் இடுப்புயரத்தில் நுனி கிள்ளிக் குட்டையாக்கி, தாழ்வான பக்கக்கிளைகளை வரவழைப்பதே வழி. காற்று வரும் பக்கத்தில் வைக்கோல் கட்டுகளையோ பனித்தடுப்பு வேலியையோ நிறுத்தினால் வெண்பனி அங்கே குவிந்து செடியை மூடும். வாசல் பாதையில் அள்ளும் பனியையும் அதன்மேல் போடலாம். உப்புத் தூவிய பனியாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

மூடும் நாளைத் தேர்வதில் அவசரமும் கேடு, தாமதமும் கேடு. இலை உதிர்வதற்கு முன் மூடினால் தண்டு குளிருக்குப் பழகாது; உள்ளே பூஞ்சணமும் பிடிக்கும். சில உறைபனி இரவுகளைத் தண்டு பார்க்க வேண்டும். மைனஸ் 12க்குக் கீழே முதன்முதலாக இறங்கும் இரவுக்கு முன் வேலை முடிந்திருக்க வேண்டும். ஒட்டாவாவில் அது நவம்பர் நடுப்பகுதி. ரொறொன்ரோவில் நவம்பர் கடைசியோ டிசம்பர் முதல் வாரமோ. உறைநிலைக்கு மேல் உள்ள ஒரு நண்பகலில் தண்டைச் சாய்க்க வேண்டும். உறைந்த தண்டு சட்டென்று ஒடியும். வளைத்த கம்பித் துண்டுகளால் தரையோடு பிடித்துவைத்து, மேலே கைச்சாண் உயரத்துக்கு வைக்கோல் பரப்பலாம். ஈரமான மேப்பிள் இலைகளை மட்டும் நம்பினால் அவை அடையாகப் படிந்து அழுகும். வைக்கோலோடு கலந்தால் பரவாயில்லை.

துணி என்றால், கடைகளில் ரோ கவர் என்ற பெயரில் கிடைக்கும் நெய்யாத வெள்ளைத் துணி. சதுர மீற்றருக்கு 50 முதல் 70 கிராம் வரை எடையுள்ள தடித்த வகையே குளிர்காலத்துக்கு உரியது. பூச்சி வராமல் விரிக்கும் மெல்லிய வகை போதாது. நிறம் வெள்ளையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. கறுப்போ ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கோ என்றால் வெயில் நாளில் உள்ளே வெப்பம் ஏறி மொட்டு விழிக்கும். இரவில் அதே பிளாஸ்டிக் குளிரைத் தடுக்காது. துணியின் ஓரங்களை மண்ணாலோ கல்லாலோ இடைவெளியின்றி அழுத்த வேண்டும். ஓரம் திறந்து காற்றில் படபடக்கும் துணியைவிட, ஒன்றும் போடாமல் விடுவது மேல். படபடப்பில் மொட்டுகள் உரசி உதிரும்.

மூடிய இடம் எலிகளுக்கும் பிடிக்கும். வோல் எனப்படும் குட்டைவால் வயலெலி வைக்கோலுக்கும் பனிக்கும் அடியில் வழி அமைத்து, தண்டின் பட்டையை அடியில் சுற்றிலும் கொறித்துத் தின்னும். குளிரில் தப்பிய தண்டு இதில் போய்விடும். இலையுதிர்காலத்தில் செடியைச் சுற்றிப் புல்லைக் குட்டையாக வெட்டி வைப்பதும், தூரை ஒட்டி வைக்கோலைக் குவிக்காமல் சிறிது இடம் விடுவதும், மண் உறையத் தொடங்கிய பிறகே மூடுவதும் இதற்கான எளிய தடைகள். எலிப்பொறி வைப்பவர்கள் அதைத் துணி விரிக்கும் அன்றே வைத்துவிடுவது வசதி.

திறக்கும் காலம் மார்ச் முடிவிலிருந்து ஏப்ரல் நடு வரை. மொட்டு பருக்கத் தொடங்கும்போது, மேகமூட்டமான நாளில் திறப்பது நல்லது. நான்கு மாதம் இருளில் கிடந்த தண்டின்மேல் திடீர் வெயில் பட்டால் பட்டை கருகும். துணியைத் தூர எறிய வேண்டாம். மூடி வைத்த செடி வழக்கத்தைவிடச் சில நாள் முந்தித் தளிர்க்கும், பூக்கும். பிளாக்பெரி இயல்பில் தாமதமாகப் பூப்பது. ஒன்ராறியோவில் ஜூனில்தான் பூ விரியும் என்பதால் வசந்தகால உறைபனி பெரும்பாலும் அதைத் தொடுவதில்லை. ஆனால் விரிந்த பூ மைனஸ் 2 பாகைக்கே கருகும். 2023 மே 18 அதிகாலையில் நியூயோர்க், வேர்மொண்ட் மாநிலங்களில் விழுந்த உறைபனி ஆப்பிள், திராட்சைத் தோட்டங்களைப் பெரிதாகச் சேதப்படுத்தியது. அப்படிப்பட்ட இரவுக்கு அதே துணி கையருகே இருக்க வேண்டும்.

எது பிழைத்தது என்று அறிய ஜூன் வரை காத்திருக்கத் தேவையில்லை. மார்ச் கடைசியில் சில மொட்டுகளைக் கூரிய சவர அலகால் குறுக்கே வெட்டிப் பார்க்கலாம். நடுவில் பச்சை என்றால் உயிர் உண்டு. கபிலமோ கறுப்போ என்றால் இல்லை. தண்டின் பட்டையை நகத்தால் சுரண்டி, அடியில் பச்சை தெரிகிறதா என்றும் பார்க்க வேண்டும். முதன்மை மொட்டு செத்த கணுவிலும், அதன் பக்கத்தில் உள்ள துணைமொட்டு முளைத்துக் கொஞ்சம் காய்க்கக்கூடும் என்பதால், சந்தேகமுள்ள தண்டை விட்டுவைக்கலாம். கவாத்துக்கு உரிய நேரம் இதுவே: செத்த நுனிகளை நல்ல மொட்டு வரை வெட்டி, பக்கக்கிளைகளை ஒன்றரை அடியளவுக்குக் குறைக்கலாம். சில தண்டுகள் மே மாதம் இலைவிட்டு, பூவும் விட்டு, ஜூனின் முதல் வெப்ப அலையில் திடீரென வாடிச் சாகும். அது புது நோய் அல்ல. குளிர்காலத்தில் நீர் கடத்தும் திசு சேதமானதால், குளிர்ந்த வசந்தத்தில் சமாளித்த தண்டு வெயில் கேட்ட நீரைக் கொடுக்க முடியாமல் போகிறது. மருந்து தெளிப்பது வீண் செலவு.

இத்தனை வேலையையும் ஒரேயடியாகத் தவிர்க்கும் வழியாக விற்கப்படுபவை, முதலாண்டுத் தண்டிலேயே காய்க்கும் இரகங்கள். ஆர்கன்சா பல்கலைக்கழகம் 2004இல் பிரைம்-ஜான், பிரைம்-ஜிம் என்ற இரண்டை வெளியிட்டது. பிறகு பிரைம்-ஆர்க் வரிசை வந்தது. இலையுதிர்காலத்தின் முடிவில் தண்டுகள் அனைத்தையும் தரைமட்டத்துக்கு வெட்டிவிட்டால் போதும். குளிரைத் தாங்க வேண்டியது தூர் மட்டுமே. சொல்லக் கேட்கச் சிறப்பாகத்தான் இருக்கிறது. வடக்கில் இவை கனியத் தொடங்குவதே ஓகஸ்ட் கடைசியில் அல்லது செப்டெம்பரில். காய் பாதி சிவந்து நிற்கும்போதே முதல் உறைபனி வந்துவிடும். பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் வளர்த்தால் இலையுதிர்காலத்தில் சில வாரங்கள் கூடுதலாகக் கிடைக்கும், விளைச்சலும் பொருட்படுத்தத்தக்கதாகும். திறந்த பின்வளவில், அதுவும் ஒட்டாவா போன்ற இடத்தில், இவற்றை மட்டும் நம்புவது சரியான தெரிவு அல்ல.

கூடாரம் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. ஒற்றைப் படலப் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் தெளிந்த குளிர்கால இரவின் வெப்பநிலை வெளியே உள்ளதற்கு மிக அருகிலேயே இருக்கும். காற்றைத் தடுப்பதும் வெயிலை வாங்குவதும்தான் அதன் பலம். ஜனவரியில் அதற்குள்ளும் தண்டுகளைச் சாய்த்துத் துணியால் மூட வேண்டும். பகலில் பக்கங்களைத் திறந்து சூட்டை வெளியேற்ற வேண்டும். இல்லையெனில் வெளியில் உள்ளதைவிட முந்தி மொட்டு விழித்து, வெளியில் உள்ளதைப் போலவே சாகும்.

தொட்டியில் வளர்ப்பவர்களின் கணக்குத் தலைகீழ். தரையில் பாதுகாப்பான உறுப்பான வேர், தொட்டியில் எல்லாப் பக்கமும் குளிர் சூழ நிற்கிறது. தண்டு தாங்கும் குளிரை வேர் தாங்காது. மாடி வீடுகளின் பல்கனித் தொட்டிகளில் பெரும்பாலும் முதலில் சாவது வேர்தான். இலை உதிர்ந்த பிறகு தொட்டியைச் சூடாக்கப்படாத கராஜுக்குள் வைப்பது சிறந்தது. வெப்பம் பூச்சியத்துக்கும் மைனஸ் 5க்கும் இடையில் நின்றால் போதும். சூடான வீட்டுக்குள் கொண்டுவந்தால் உறக்கம் கலைந்து, வெளிறிய தளிர் விட்டு, வசந்தத்துக்கு முன்பே களைத்துவிடும். கராஜ் இல்லாதவர்கள் தொட்டியை விளிம்பு வரை மண்ணுக்குள் புதைத்து மேலே வைக்கோல் போடலாம். கராஜில் இருக்கும் தொட்டி மண் முற்றாக உலர்ந்துவிடாதபடி, அது உறையாதிருக்கும் நாட்களில் மாதம் ஒரு முறை ஒரு குவளை நீர் விட்டால் போதும். ஏப்ரலிலிருந்து கடைசி உறைபனியின் அபாயம் நீங்கும் வரை, பகலில் வெளியேயும் இரவில் உள்ளேயுமாகச் சில வாரங்கள் மாற்றி வைக்க வேண்டியிருக்கும்.